பெண் கேட்கும் அளவுக்குக் கொரிய மொழி

உஸ்பெக் நாட்டு நமன்கான் ஊரில், பேருந்து நிலையத்துக்குப் பின்னால், கைப்பேசிக் கடையின் மேல்மாடியில் நடந்த கொரிய மொழி வகுப்பில் மத்லூபாவும் அவள் நாத்தனார் பஹ்ரியும் போய் முன்வரிசையில் உட்கார்ந்தபோது, பையன்கள் எல்லோரும் யாரோ ஒருத்தனுடைய அம்மா சண்டைக்கு வந்துவிட்டாள் என்றுதான் நினைத்தார்கள். கொரியாவில் தொழிற்சாலை வேலைக்குப் போகத் தேர்வு எழுதும் பையன்கள். அவர்களில் இரண்டு பேர் அவசரமாகச் சிகரெட்டை அணைத்துக் காலுக்கடியில் தள்ளினார்கள்.

"யாரப் பாக்கணும் அத்தை?" என்று கேட்டான் வாத்தியார் ஸோகிர்.

"உன்னத்தான் தம்பி. எங்களுக்குக் கொரிய மொழி வேணும். முழுசா வேண்டாம். ஒரு பொண்ணு கேக்குற அளவுக்கு."

மத்லூபாவின் ஒரே மகன் ஒடில் கொரியாவில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் வேலை பார்த்தான். அதே கிடங்கில் கணக்கு எழுதும் நரே என்ற பெண்ணைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டான். நல்ல பெண், ஆனால் அப்பாதான் ஒரு மாதிரி என்று ஒடில் சொன்னான். அப்பாக்கள் ஒரு மாதிரிதான் இருப்பார்கள், இல்லாவிட்டால்தான் யோசிக்க வேண்டும் என்றாள் மத்லூபா. போய்ப் பெண் கேட்டுவிடலாம்.

"அம்மா, நீ வா. ஒரு சாப்பாட்டுக் கடையில எல்லாரும் சந்திக்கலாம். நீ பேசுறத நான் கொரியன்ல சொல்லிடுறேன்."

"உனக்கு நீயே பொண்ணு கேப்பியா? வெக்கங்கெட்டவனே. உங்கப்பாவுக்கு என்னைக் கேட்டு வந்தப்ப அவர் எங்க தெருப் பக்கம் தலைவச்சுப் படுத்தாரா?"

பெண் கேட்கப் போவது வீட்டுப் பெண்களின் வேலை. ஆண்கள் அப்புறம் வருவார்கள். மாப்பிள்ளைப் பையன் வரவே கூடாது. என்ன பேசினார்கள், என்ன பதில் வந்தது என்று முடிவாகும் வரை அவன் காதில் போடவும் கூடாது. கைப்பேசியில் பேசினால் அதுவே கொரியனில் மாற்றிச் சொல்லும் என்றும் ஒடில் சொல்லிப் பார்த்தான். வாய் இருக்கும்போது பெட்டியை வைத்தா பெண் கேட்பது? மத்லூபா ஒரே பிடியாக நின்றுவிட்டாள். நின்றால் அவளை யாரும் நகர்த்த முடியாது. அவள் புருஷன் யூனுஸ் அந்த முயற்சியை எப்போதோ விட்டிருந்தான்.

ஸோகிர் கொரியாவில் பிளாஸ்டிக் வாளி செய்யும் தொழிற்சாலையில் ஐந்து வருடம் இருந்தவன். பயணிகளுக்கான கொரிய மொழி என்று ஒரு புத்தகம் வைத்திருந்தான். அதில் முதல் பாடத்தின் முதல் வாக்கியமே கழிப்பறை எங்கே இருக்கிறது என்பதுதான். பையன்கள் வரிசையாகச் சொன்னார்கள். பஹ்ரியும் கணீரென்று சொன்னாள். மத்லூபா வாயைத் திறக்கவில்லை.

"அத்தை, உங்க முறை. கழிப்பறை எங்கே இருக்கிறது?"

"அத நான் சொல்ல மாட்டேன் தம்பி."

"ஏன் அத்தை? இதுதான் எல்லாத்துக்கும் முக்கியம்."

"சம்பந்தி வீட்டு வாசல்ல ஏறி, வாயத் தொறந்ததும் இதையா கேக்குறது? அடுத்ததுக்குப் போ."

பஹ்ரி வகுப்புப் பக்கம் திரும்பினாள். "அவ கேக்க மாட்டா வாத்தியாரே. எங்க வீட்டுக்கு மருமகளா வந்தப்பவும் அப்படித்தான். ஒரு வாரம் ஆச்சு, எங்ககிட்ட அந்த வார்த்தையக் கேக்க. அதுவரைக்கும் பக்கத்து வீட்டுக்கு உப்பு வாங்கப் போற மாதிரி போயிட்டு வந்தா. எங்கம்மா, 'இந்தப் பொண்ணு இவ்ளோ உப்பு தின்னுதே'ன்னு பயந்துட்டாங்க."

வகுப்பே சிரித்து உருண்டது. மத்லூபாவுக்குக் காது வரைக்கும் சிவந்துவிட்டது. நாத்தனார் என்பவளை ஆண்டவன் எதற்குப் படைத்தான் என்று அன்றைக்கு மட்டுமல்ல, பல நாள் யோசித்திருக்கிறாள்.

உங்கள் மகளை எங்கள் மகனுக்குக் கேட்டு வந்திருக்கிறோம் என்பது கொரியனில் எப்படி என்று அவள் கேட்டபோது ஸோகிர் தலையைச் சொறிந்தான். புத்தகத்தைப் புரட்டினான்.

"'இந்தப் பேருந்து எங்கே போகும்' இருக்கு. 'முதலாளி, என் கை வலிக்கிறது' இருக்கு. பொண்ணு கேக்குறது இல்லையே அத்தை."

"இல்லைன்னா நீ செஞ்சு குடு. வாத்தியார்தானே?"

செய்துகொடுத்தான் பாவம். அதற்கப்புறம் அவள் கேட்டதுதான் அவனுக்கு விளங்கவில்லை. கொரியாவில் எத்தனை விதமாக முடியாது என்று சொல்வார்கள், அதை எல்லாம் கற்றுக்கொடு என்றாள்.

"அவங்க சரின்னு சொன்னா அதைப் புரிஞ்சுக்க வேண்டாமா அத்தை?"

"சரிங்கறது மூஞ்சியிலயே தெரியும். முதல்ல வர்றது முடியாதுதான். அதக் கேட்டு நான் முழிக்கக் கூடாது."

நமன்கானில் ஒரு பெண்ணை முதல் தடவை கேட்டதும் கொடுத்துவிட்டால், பெண்ணுக்கு என்ன குறையோ என்று ஊர் பேசும். பெண் இன்னும் சின்னவள், யோசிக்க வேண்டும், இப்போதைக்கு இல்லை, போய்வாருங்கள் என்று ஏதாவது சொல்லி அனுப்புவார்கள். கேட்டுப் போனவர்கள் கொண்டுபோன ரொட்டியை வைத்துவிட்டு மலர்ந்த முகத்தோடு திரும்புவார்கள். மறுபடி போய்ப் பெண் வீட்டு வாசலைப் பெருக்குவார்கள். உங்கள் வாசலுக்கு நாங்கள் பணிந்தவர்கள் என்று அர்த்தம். மறுபடியும் முடியாது வரும். மூன்றாம் தடவை வரும் பதில்தான் பதில். ரொட்டியை உடைத்தால் பெண்ணைக் கொடுத்தாகிவிட்டது. முழு ரொட்டியாகத் திருப்பிக் கொடுத்தால் அதோடு சரி, அந்த வாசலை அப்புறம் மிதிக்கக் கூடாது. மத்லூபாவின் அப்பா, பஹ்ரியின் அம்மாவை இரண்டு தடவை விரட்டாத குறையாக அனுப்பியவர்.

கொரியாவில் எப்படி என்று ஸோகிரைக் கேட்டிருக்கலாம். கேட்டாலும் அவனுக்குத் தெரிந்திருக்காது. ஐந்து வருடம் தொழிற்சாலைக் கொட்டகையில் தூங்கி எழுந்தவன், ஒரு கொரியர் வீட்டுப் படியைக்கூட மிதித்ததில்லை.

அந்தக் கோடை முழுக்க மத்லூபா தக்காளி நறுக்கும்போதும் துணி காயப்போடும்போதும் கொரியன் பேசினாள். யூனுஸ் தேநீர் கேட்டால் முடியாது என்று கொரியனில் சொல்லிவிட்டு ஊற்றிக் கொடுத்தாள். ஆப்பிள் சிவக்கிற பருவத்தில் இரண்டு பெண்களும் விமானம் ஏறினார்கள். மத்லூபாவின் கைப்பையில், விரிப்புத் துணியில் சுற்றிய பெரிய வட்ட ரொட்டி ஒன்று இருந்தது. அதை யாரிடமும் கொடுக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள்.

நரேயின் அப்பா மெங் ஆப்பிள் தோட்டக்காரர். ஒடில் அவர்களைப் பக்கத்துச் சிற்றூரில் ஒரு விடுதியில் விட்டுவிட்டு, இதற்கு மேல் எனக்கு வேலை இல்லை, அப்படித்தானே என்று முறைத்துக்கொண்டே கிடங்கு இருந்த ஊருக்குத் திரும்பினான். நரேயும் வேலைக்காக அங்கேதான் தங்கியிருந்தாள். மறுநாள் காலை மத்லூபா, "இந்தப் பேருந்து எங்கே போகும்?" என்று ஓட்டுநரைக் கேட்டாள். அவர் சொன்ன ஊர்ப்பெயர் சரியாக இருந்தது. பஹ்ரி அவள் தோளைத் தட்டிக்கொடுத்தாள்.

தோட்டத்தில் மரத்துக்கு மரம் கீழே வெள்ளிக் காகிதம் மாதிரி பளபளப்பான தாளை விரித்திருந்தார்கள். வெயில் அதில் பட்டு ஆப்பிளின் அடிப்பக்கமும் சிவக்கும்.

"நம்ம ஊரு ஆப்பிள் மூஞ்சி பாக்காமலே சிவக்குது. இதுங்களுக்குக் கண்ணாடி கேக்குது" என்றாள் பஹ்ரி.

"வாய மூடுங்கக்கா. பொண்ணு வீட்டு மரம்."

மெங் குள்ளமான, கட்டையான மனிதர். கையில் மண்ணோடு வந்து, யார் இவர்கள் என்று பார்த்தார். அவர் மனைவி மட்டும் ஏதோ தெரிந்த மாதிரி அவசரமாக உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தாள். மத்லூபா நெஞ்சில் கை வைத்துத் தொடங்கினாள்.

"நலமாக இருக்கிறீர்களா? உங்கள் வீடு நலமா? உங்கள் மரங்கள் நலமா? களைப்பாக இருக்கிறீர்களா? நாங்கள் ஒடிலின் அம்மாவும் அத்தையும். உங்கள் மகளை எங்கள் மகனுக்குக் கேட்டு வந்திருக்கிறோம்."

ஒரு எழுத்து பிசகவில்லை. மெங்கின் முகம் இறுகியது.

"முடியாது" என்றார். அதற்குப் பிறகு வேகமாக ஏதேதோ சொன்னார். அதில் அவளுக்குப் புரிந்தது இவ்வளவுதான்: "வெளிநாட்டுக்காரனுக்குக் குடுக்க மாட்டேன். போங்க."

எல்லாம் ஸோகிர் கற்றுக்கொடுத்த வார்த்தைகள். மத்லூபாவுக்கு உள்ளம் குளிர்ந்துவிட்டது. ரொட்டியை இரண்டு கையாலும் நடுவில் வைத்தாள். சிரித்த முகத்தோடு எழுந்து, குனிந்து, விடைபெற்றாள். மெங் ரொட்டியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எப்படி?" என்றாள் வெளியே வந்ததும் பஹ்ரி.

"மானமுள்ள மனுஷன்க்கா. கேட்டதும் சரின்னு பல்லக் காட்டல. கத்திச் சொன்னார் பாருங்க, பொண்ணு மேல எவ்ளோ பாசம்."

"உங்கப்பாவ விடவா?"

"எங்கப்பா இவருகிட்ட பிச்ச வாங்கணும்."

மறுநாள் விடிந்ததுமே மறுபடி போனார்கள். கதவருகில் சாத்தியிருந்த துடைப்பத்தை எடுத்து மத்லூபா வாசலைப் பெருக்கினாள். பஹ்ரி தோள்துணியால் படியைத் துடைத்தாள். எதிர்வீட்டுக்காரர் காரைக் கிளப்பாமல் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார். மெங்கின் மனைவி ஓடிவந்து துடைப்பத்தைப் பிடுங்கப் பார்த்தாள். மத்லூபா விடவில்லை. இரண்டு அம்மாக்களும் துடைப்பத்தின் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு நின்றபோது மெங் வந்தார்.

இந்தத் தடவை அவர் கத்தியது நீளம். கடைசியில் தோட்டத்துக்கு மேலே இருந்த குன்றைக் காட்டினார். அங்கே புல் முளைத்த இரண்டு சமாதி மேடுகள் இருந்தன.

"தூரம்! எவ்வளவு தூரம் தெரியுமா? நான் செத்தா அவ வந்து சேர எத்தன நேரமாகும்?"

தூரம், எத்தனை நேரம். இரண்டும் புத்தகத்தின் ஐந்தாம் பாடத்தில் இருந்தவை. கேள்வி கேட்டால் பதில் சொல்லாமல் இருப்பது மரியாதை இல்லை.

"விமானத்தில் ஏழு மணி நேரம்" என்றாள் மத்லூபா தெளிவாக. "பிறகு பேருந்து."

மெங் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு துடைப்பத்தைப் பிடுங்கிக்கொண்டு, முடியாது என்று முன்னைவிட உரக்கச் சொல்லிக் கதவை அறைந்து சாத்தினார். சாத்துவதற்குள் மத்லூபா உள்ளே எட்டிப் பார்த்துவிட்டாள். ரொட்டி குளிர்பெட்டியின் தலைமேல், சுற்றிய துணி பிரிக்காமல் இருந்தது. திருப்பித் தரவில்லை. போதும், நல்ல சகுனம்தான்.

சாயங்காலம் விடுதியில் இருவரும் கால் நீட்டி உட்கார்ந்து, கல்யாணத்துக்கு எத்தனை பேரைக் கூப்பிடுவது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது ஒடில் அழைத்தான். கைப்பேசித் திரையில் அவன் முகம் செத்துப்போயிருந்தது.

"அம்மா, என்னம்மா பண்ணி வச்சிருக்கீங்க?"

"என்ன பண்ணினோம்? முறையாத்தான் நடக்குது. நீ இதுல தலையிடாத."

"முறையா? அவர் முடியாதுன்னுட்டாரும்மா!"

"ரெண்டு தடவையும் நல்லாவே சொன்னாரு."

"ஐயோ அம்மா. இங்க முடியாதுன்னா முடியாதுதான். அதுக்கு மேல ஒண்ணுமில்ல. மூணு தடவைங்கற பேச்செல்லாம் இங்க கிடையாது. நேத்து உங்களத் தொரத்தியிருக்காரு. நீங்க சிரிச்சுக்கிட்டே கும்பிட்டுட்டு வந்திருக்கீங்க. நான் வருத்தப்படுவேன்னு நரே நேத்து எங்கிட்ட மறைச்சுட்டா. இன்னைக்குத் தெரு பூரா பாக்க வாசலப் பெருக்கியிருக்கீங்க. வாசல் குப்பையா இருக்குன்னு குத்திக் காட்டினதா அவர் நெனச்சுட்டாராம்."

அந்த மனிதர் சொன்ன ஒவ்வொரு முடியாதும் இப்போது திரும்பி வந்து, முதல் தடவை கேட்பது போலக் கேட்டது. அவள் கோடை முழுக்கப் படித்து, எல்லாவற்றையும் சரியாகப் புரிந்துகொண்டு, ஒன்றையுமே புரிந்துகொள்ளாமல் இருந்திருக்கிறாள். மகன் ஆசைப்பட்ட கல்யாணத்தைத் தன் கையாலேயே கெடுத்தாயிற்று. உடம்பெல்லாம் கூசியது.

பஹ்ரி நீட்டியிருந்த காலை மடக்கினாள். "கிளம்பிடலாம் மத்லூபா. இதுக்கு மேல அந்த வாசலுக்கு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போறது?"

"ரொட்டி அங்க இருக்கேக்கா."

"கிடக்கட்டும், ஒரு ரொட்டி."

"நாம வச்ச ரொட்டி அங்க இருக்கிற வரைக்கும் வேற யாரும் அந்தப் பொண்ணக் கேட்டு வர முடியாது. நமக்கு இல்லைன்னு ஆகிடுச்சு. அவ வழிய ஏன் அடைக்கணும்?"

"அவங்களுக்கு அதெல்லாம் தெரியவா போகுது?"

"எனக்குத் தெரியுமே."

அவள் கைப்பேசியை மறுபடி கையில் எடுத்தாள். "ஒடில், எனக்கு இன்னும் ரெண்டு வாக்கியம் சொல்லிக் குடு. 'மன்னித்துக்கொள்ளுங்கள், எங்களுக்குத் தெரியவில்லை.' அப்புறம், 'ரொட்டியைத் திருப்பித் தாருங்கள்.'"

ஒடில் சொல்லிக்கொடுத்தான். அவன் குரல் நடுவில் இரண்டு தடவை உடைந்தது. அம்மா அவன் சரியாகும் வரை காத்திருந்து, மறுபடி சொல்லச் சொன்னாள். பெண் கேட்பதற்காகக் கற்ற மொழியில் பெண் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வர இவ்வளவு போதும்.

மூன்றாம் தடவை கதவைத் திறந்தது நரே. படத்தில் பார்த்த முகம்தான், ஆனால் தூங்காத முகம். காலை முதல் பேருந்தில் வந்திருக்க வேண்டும். அவள் நெஞ்சில் கை வைத்து, திக்கித் திக்கி உஸ்பெக் மொழியில் சொன்னாள்:

"வாங்கம்மா. நலமா இருக்கீங்களா? வீட்டுல எல்லாரும் நலமா? களைப்பா இருக்கீங்களா?"

ஒடில் வெகு நாளாகவே சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். இந்தப் பெண்ணைத்தானா விட்டுவிட்டுப் போகிறோம் என்று மத்லூபாவுக்கு இருந்தது.

உள்ளே மெங்கும் அவர் மனைவியும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். மத்லூபா எதிரே மண்டியிட்டு, கண்ணை நிமிர்த்தாமல் சொன்னாள்:

"மன்னித்துக்கொள்ளுங்கள், எங்களுக்குத் தெரியவில்லை. ரொட்டியைத் திருப்பித் தாருங்கள்."

மெங் மனைவியைப் பார்த்தார். மனைவி மடியைப் பார்த்தாள்.

"சாப்பிட்டோம்" என்றார் மெங்.

பஹ்ரி மத்லூபாவின் கையை நெரித்தாள். "உடைச்சுட்டாங்கடி! உடைச்சுட்டாங்க! எழுந்திரு, வாழ்த்துச் சொல்லு, முடிஞ்சுது!"

ஒரு நிமிஷம் மத்லூபாவுக்கும் அப்படித்தான் தோன்றியது. ஊர் வழக்கப்படி பெண் அவர்களுடையது. ஊரே திரண்டு வந்தாலும் மறுக்க முடியாது. ஆனால் எதிரே உட்கார்ந்திருந்த மனிதருக்கு அது பசிக்குத் தின்ற ரொட்டி. அவருடைய முடியாதைத் தப்பாக எடுத்துக்கொண்டது ஒரு தடவை போதும்.

"அம்மாடி நரே, உங்கப்பாகிட்ட நான் சொல்றத அப்படியே சொல்லு. எங்க ஊருல அந்த ரொட்டிய உடைச்சா பொண்ணக் குடுத்துட்டதா அர்த்தம். அவருக்கு அது தெரியாது. தெரியாம சாப்பிட்டது சேர்த்தி இல்ல. நாங்க அதப் புடிச்சுக்கிட்டுத் தொங்க மாட்டோம்."

பஹ்ரி அவள் தொடையில் கிள்ளினாள். மத்லூபா அசையவில்லை.

நரே அப்பாவிடம் சொன்னாள். அவர் ஏதோ கேட்டார். நரே திரும்பி, வார்த்தை தேடித் தேடி, கேட்டாள்: "இன்னைக்கு... முடியாதுன்னா என்னன்னு தெரிஞ்சுதான் வந்தீங்களான்னு கேக்குறார்."

"தெரிஞ்சுதான்."

"அப்புறம் ஏன் வந்தீங்கன்னு கேக்குறார்."

"ரொட்டி இங்க இருந்தா உனக்கு வேற நல்ல எடம் வராதேம்மா."

நரே அதை அப்பாவிடம் சொல்ல ஆரம்பித்து, பாதியில் நிறுத்தி, மூக்கை உறிஞ்சிவிட்டு மறுபடி சொன்னாள். மெங் எழுந்தார். குளிர்பெட்டியின் மேலிருந்து மத்லூபாவின் துணி மூட்டையை எடுத்துவந்து அவள் முன்னால் வைத்துப் பிரித்தார். உள்ளே பாதி ரொட்டி இருந்தது.

"பாதி எங்களுக்கு" என்றார். "பாதி உங்களுக்கு."

உடைத்த ரொட்டியை இரண்டு வீடும் ஆளுக்குப் பாதி எடுத்துக்கொள்வது நமன்கான் வழக்கம். மத்லூபா நரேயை நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்பாவுக்குத் தெரியும்மா" என்றாள் நரே, வார்த்தை வார்த்தையாகக் கோத்து. "ரொட்டிய என்ன பண்றதுன்னு அம்மா மொத நாளே எனக்கு ஃபோன் பண்ணினாங்க. நான் எல்லாம் சொல்லிட்டேன். நேத்து சாயங்காலம் அம்மாதான் எடுத்து நடுவுல வச்சாங்க. அப்பா ரொம்ப நேரம் சும்மா பாத்துக்கிட்டே இருந்தாராம். அப்புறம், 'ஏழு மணி நேரந்தானாம்'னு சொல்லிட்டு, அவரே உடைச்சாராம்."

மெங்கின் மனைவி மகளிடம் ஏதோ முணுமுணுத்தாள்.

"கல்லு மாதிரி இருந்துச்சாம். ஆனா நல்லா இருந்துச்சாம்."

மத்லூபா ஏதாவது சொல்ல வேண்டும். எல்லோரும் அவளைத்தான் பார்த்தார்கள். நன்றி என்பதற்கே மூன்று விதம் படித்திருந்தாள், மெங்கின் குடும்பத்துக்கும் தோட்டத்துக்கும் வாழ்த்துச் சொல்லக்கூட ஸோகிரை விரட்டி விரட்டி வாக்கியம் வாங்கியிருந்தாள். ஒன்றும் வரவில்லை. கண் நிரம்பிக்கொண்டு வந்தது. சம்பந்தி வீட்டில் முதல் நல்ல சொல்லுக்கு அழுது வைக்கக் கூடாது. தலைக்குள் தேடியதில் ஒரே ஒரு வாக்கியம்தான் கையில் அகப்பட்டது.

"கழிப்பறை எங்கே இருக்கிறது?" என்றாள்.

உச்சரிப்பு அத்தனை சுத்தம். மெங் கையை நீட்டிக் காட்டினார். மத்லூபா வேகமாகப் போய்த் தாழ்ப்பாளைப் போட்டு, சத்தம் கேட்காமல் இருக்கக் குழாயைத் திறந்துவிட்டு, முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

குழாய்ச் சத்தத்தையும் மீறி, வெளியே பஹ்ரி நரேயிடம் சொல்வது கேட்டது.

"எங்க வீட்டுல இதக் கேக்க அவளுக்கு ஒரு வாரம் ஆச்சும்மா. உங்க வீட்டுல மூணாம் நாளே கேட்டுட்டா."